நான்காவது சுருள்

பாந்த்ரா, பம்பாய்
6-10-1990

அன்புள்ள பெரியப்பாவுக்கு அமலா எழுதுவது.

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். உங்கள் சர்க்கரை இப்போது எவ்வளவு? இன்சுலின் ஊசி போடக் கம்பவுண்டர் வருகிறாரா, நீங்களே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டீர்களா?

ஊருக்கு வந்த பத்து நாளும் கோடம்பாக்கம் ஸ்டூடியோவிலேயே கழிந்துவிட்டது. உங்களோடு உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. கிளம்புகிற அவசரத்தில் நான்கு அட்டைப்பெட்டிகளை உங்கள் கையில் திணித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அவை என்ன என்று சரியாகச் சொல்லவில்லை என்பது ரயில் அரக்கோணம் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

பெட்டிக்கு ஒன்றாக நான்கு டேப் சுருள்கள். லெனின்கிராட் இசைக் கல்லூரியில் நான் பியானோவும், பத்ரிநாராயணன் டபுள் பேஸும், சிட்டிபாபு டிரம்ஸும் ஐந்து வருஷம் படித்ததற்குக் கைமேல் இருப்பது அவ்வளவுதான். எங்கள் முதல் ஜாஸ் ஆல்பம். ‘தாம்பரம் யார்டு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். பேஸ் என்றால் ஆளுயர வயலின் மாதிரி இருக்குமே, நின்றுகொண்டே வாசிப்பானே, அதுதான்.

வேறு பிரதி இல்லை பெரியப்பா. பதிவு முடிந்த மறுநாள் காலையிலேயே சினிமாக்காரர்கள் வந்து ஸ்டூடியோவைப் பிடித்துக்கொண்டார்கள். பிரதி எடுக்க நேரம் கிடைக்கவில்லை. எங்கள் சங்கீதத்தில் பாதியை எழுதிவைத்து வாசிப்பதில்லை. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு அடுத்தவர் அந்த நொடியில் பதில் சொல்வது. மறுபடி வாசித்தால் அது வேறொன்றாகத்தான் வரும்.

கேசட் கம்பெனிக்காரர் ஜனவரியில் டேப்புகளைக் கேட்டிருக்கிறார். அதுவரை ஓட்டலில் தினமும் வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். எங்கள் அறையில் சுவரெல்லாம் ஒழுகுகிறது. உங்கள் வீட்டைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
அமலராணி


சேசு மரி சூசை

கிழக்குத் தாம்பரம்
15-10-1990

அன்பு மகள் அமலாவுக்குப் பெரியப்பா சவரிராயன் ஆசி கூறி எழுதுவது.

உன் கடிதம் 11ஆம் தேதி மாலைத் தபாலில் கிடைத்தது. பதில் எழுத நான்கு நாள் ஆனதற்குக் காரணம் உண்டு, கீழே சொல்கிறேன். காலைச் சர்க்கரை 160. ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன். மருந்து கெடாமலிருக்க ஃபிரிஜ் வாங்கினேன். இங்கே மின்சாரம் ஏறி இறங்குவதால் அதற்கு ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கிப் பக்கத்தில் முக்காலி மேல் வைத்திருக்கிறேன்.

‘வேறு பிரதி இல்லை’ என்ற வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. உன் அப்பா இருந்திருந்தால் இந்தப் பொறுப்பை அவனிடம் கொடுத்திருப்பாய். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக் கட்டில் அடியில் தள்ளியிருப்பான், ஒன்றும் ஆகியிருக்காது. நான் அப்படி இல்லை என்பது உனக்குத் தெரியும்.

பெட்டிகளை ஸ்டீல் பீரோவில் பூட்டி வைத்தேன். ஆனால் அதே பீரோவில்தான் என் கறுப்புக் கோட்டு போன மழைக்குப் பூஞ்சை பிடித்தது. முப்பத்திரண்டு வருஷம் மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் ஈரப்பதம் குறித்தவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டிலிருக்கும் இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் பீரோவுக்குள் வைத்து நான்கு நாள் பார்த்தேன். சராசரி ஈரப்பதம் 84 சதவீதம். பருவமழை இன்னும் தொடங்கவே இல்லை. நவம்பரில் 90ஐத் தாண்டும்.

டேப்பில் பூஞ்சை பிடிக்குமா? பிடித்தால் இசை என்ன ஆகும்? பத்ரியைக் கேட்டு எழுது. வேறு நம்பிக்கையான ஆள் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும் என்றாலும் எழுது. நான் வருத்தப்பட மாட்டேன்.

தேவமாதா உங்கள் மூவரையும் காப்பாளாக.

பெரியப்பா
சவரிராயன்


பாந்த்ரா
2-11-1990

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இவர்கள் இருவருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சிரித்துவிட்டோம். சிட்டிபாபு, “இன்னாது, பெரிப்பா டேப்புக்கு ஜுரம் பாக்குறாரா? கஷாயம் வெச்சுக் குடுத்தாலும் குடுப்பாரு” என்றான். அவனுக்குப் பயம் என்றால் என்ன என்றே தெரியாது. டிரம்ஸ் வாசிக்கும்போதும் அப்படித்தான். நாங்கள் தடுமாறி நிற்கும் இடத்தில் அவன் யோசிக்காமல் குதித்துவிடுவான், நாங்கள் அவன் பின்னால் போவோம். நான்காவது சுருளில் இருக்கும் பதினொரு நிமிஷம் அப்படிக் கிடைத்ததுதான். ஒரே தடவை வாசித்தோம். முடிந்ததும் பத்ரி, “இதை இன்னொரு தடவை கேட்டால் நான் செத்துப்போவேன்” என்றான்.

உலர்ந்த இடமாகப் பார்த்து வைத்தால் போதும் என்கிறான் பத்ரி. வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஓட்டலில் எங்கள் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே எல்லாரும் சாப்பிடுகிறார்கள், கேட்கிறவர் ஒருவரும் இல்லை. அந்தப் பெட்டிகள் உங்களிடம் இருக்கின்றன என்ற நினைப்பில்தான் தினமும் போய் உட்கார்கிறோம்.

மழையில் வெளியே அலையாதீர்கள்.

அமலா


சேசு மரி சூசை

கிழக்குத் தாம்பரம்
14-11-1990

அன்பு மகளுக்குப் பெரியப்பாவின் ஆசிகள்.

சளி இருந்தது, சரியாகிவிட்டது. ஆறு நாளாக விடாத மழை. சேலையூர் ஏரி நிரம்பிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

நீங்கள் சிரித்தது பற்றி எனக்குக் குறை இல்லை. ஆனால் பத்ரி சொன்னபடி உலர்ந்த இடம் தேடினேன். பீரோ, பரண், அரிசி டிரம்மின் மேல், படுக்கையறை அலமாரி என்று ஒன்பது இடங்களில் ஈரப்பதம் பார்த்தேன். எட்டு இடத்தில் 85க்குக் குறையவில்லை. ஒன்பதாவது இடத்தில் 62. வீட்டில் இப்படி ஓர் இடம் இருப்பது எனக்கே வியப்பாக இருந்தது. மறுநாளும் பார்த்தேன், அதே 62. எட்டாம் தேதியிலிருந்து பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. எந்த இடம் என்று எழுதினால் சிட்டிபாபு இன்னொரு முறை சிரிப்பான், அதனால் எண்ணை மட்டும் எழுதுகிறேன்.

பல நாளுக்குப் பிறகு ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தேன் என்று தோன்றியது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

பெரியப்பா
சவரிராயன்


கிழக்குத் தாம்பரம்
20-12-1990

அன்புள்ள நண்பன் ஏகநாதனுக்கு சவரிராயன் எழுதுவது.

நீயும் உன் வீட்டாரும் ஸ்ரீரங்கத்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மூட்டுவலி எப்படி? நான் நலம் என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் உன்னிடம் பொய் எழுதுவானேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

தம்பி மகள் அமலா தன் இசை டேப்புகளை என்னிடம் கொடுத்துவைத்திருப்பதைச் சொல்லியிருந்தேன். ஈரத்துக்குப் பயந்து நான் அவற்றை எங்கே வைத்தேன் என்பதை யாருக்கும் சொல்லவில்லை. ஃபிரிஜ் ஸ்டெபிலைசரின் மேல். அந்தத் தகரப்பெட்டி எப்போதும் இளஞ்சூடாக இருக்கும், அதன் மேல் காற்று உலர்ந்திருக்கும். கோப்பு அடுக்குவதுபோல ஒன்றாம் எண் மேலேயும் நான்காம் எண் அடியிலும் வைத்து, மேலே துணி போர்த்தியிருந்தேன்.

முந்தாநாள் ஸ்டெபிலைசர் டக் டக்கென்று சத்தம் போட்டதால், குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ரேடியோ கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீனை வரவழைத்தேன். அவர் துணியைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, பொட்டி பொட்டியா அடுக்கி வெச்சிக்கினு கீறீங்க?”

டேப் என்றேன். ஈரம் படாமலிருக்க வைத்திருக்கிறேன் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“சார், இதுக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் கீது. கரண்டு ஓடற வரைக்கும் சுத்திக் காந்தம். டேப்புல பாட்டை எழுதறதும் காந்தம்தான், அழிக்கறதும் அதான். நாங்க கடைல டேப்பை ஸ்பீக்கர் பக்கத்துலகூட வெக்க மாட்டோம். எத்தினி நாளா இங்க கீது?”

“நாற்பத்தொரு நாள்.”

“நாளெல்லாம் கரெக்டா எண்ணி வெச்சிருக்கீங்க. வெக்கலாமான்னு ஒரு ஆளைக் கேக்கலியே சார்.”

அழிந்திருக்குமா என்று கேட்டேன். அழிந்தும் இருக்கலாம், ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம், போட்டுக் கேட்டால்தான் தெரியும், அவ்வளவு பெரிய சுருளை ஓட்டும் மெஷின் தன்னிடம் இல்லை, கோடம்பாக்கம் கொண்டுபோங்கள் என்றார்.

ஏகநாதா, பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன் நான். காந்தப்புலம் பற்றி நான்கு பக்கம் விடை எழுதித் தேறியவன். ஒன்றுக்குப் பயந்து பயந்து, மற்றதெல்லாம் மூளையைவிட்டு ஓடிவிட்டது. பெட்டிகளை உடனே எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இசை இருக்கிறதா இல்லையா என்று பெட்டியின் வெளிப்புறத்தில் தெரிவதில்லை.

என்ன செய்யலாம் சொல்.

சவரிராயன்


ஸ்ரீரங்கம்
27-12-1990

டேய் சவரி,

மூட்டு அப்படியே இருக்கிறது. வீட்டில் எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் மனைவி, “பாவம், அவருக்கு இப்படியா” என்றாள். எனக்குப் பாவம் தோன்றவில்லை.

இன்றே அந்தப் பெண்ணுக்கு எழுது. தந்தியே கொடு. அவளுக்குத் தெரிந்த ஆள் கோடம்பாக்கத்தில் இருப்பான், போட்டுக் கேட்டுவிடட்டும். கெட்டிருந்தால் இப்போதே தெரிந்தால் மறுபடி வாசிக்க நாள் இருக்கும். கெடாவிட்டால் நீ சோறு தின்னலாம்.

அறுபத்தாறில் ஒருநாள் மீனம்பாக்கத்தில் மழையளவில் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டாய். மறுநாள் காலை நீயே அதிகாரி முன் போய் நின்று சொன்னாய். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் கால்சட்டை நடுங்கியது, ஆனால் சொன்னாய். அந்தக் கால்சட்டையை எங்கே வைத்தாய்?

பதில் போடு. போடாவிட்டால் நான் மூட்டோடு வந்து இறங்குவேன்.

ஏகநாதன்


கிழக்குத் தாம்பரம்
9-1-1991

அன்புள்ள ஏகநாதனுக்கு,

உன் கடிதம் 31ஆம் தேதி வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக அமலாவுக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. முதலில் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றேன். பிறகு புது வருஷம் முடியட்டும் என்றேன். போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். தெரியாதவரை பாதி இசையாவது உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இது அறிவில்லாத பேச்சு என்று தெரிந்தே எழுதுகிறேன்.

5ஆம் தேதி டிரம்ஸ் வாசிக்கும் சிட்டிபாபு வந்துவிட்டான். பள்ளிக்கரணையில் அவன் வீடு. பொங்கலுக்கு இருக்க முடியாதாம், கம்பெனிக்காரர் அவசரப்படுத்துகிறாராம். டேப்புகளோடு அன்று மாலையே பம்பாய் வண்டி.

“இன்னா பெரிப்பா, டேப்புக்குச் சளி கிளி ஒண்ணும் புடிக்கலியே?” என்று கேட்டுக்கொண்டே நான்கு பெட்டிகளையும் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு, விரலால் அட்டைமேல் தாளம் போட ஆரம்பித்தான். நான் காப்பி கலந்து கொடுத்தேன்.

“தம்பி, ஒரு விஷயம்” என்றேன்.

தாளத்தை நிறுத்தினான். “சொல்லுங்க பெரிப்பா.”

அவன் முகத்தில் சந்தேகமே இல்லை. நான் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தான். “வழியில் தூறல் இருக்கும். நனையாமல் கொண்டுபோ” என்றேன்.

“அவ்ளோதானா? நான் இன்னாமோ ஏதோன்னு பயந்துட்டேன்” என்று சிரித்தான். பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடும் தூரம்தான்.

அறுபத்தாறு பற்றி எழுதியிருந்தாய். அன்று அந்த எண் தப்பானதால் யாருக்கும் வலிக்கவில்லை.

சவரிராயன்


பாந்த்ரா
11-2-1991

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலமா? ஒரு மாதமாக எழுதவில்லை. எழுதும் நிலையில் இல்லை.

டேப்புகளைக் கம்பெனியில் போட்டுக் கேட்டார்கள். முதல் இரண்டும் நன்றாக இருக்கின்றன. மூன்றாவதில் சில இடம் மங்கல். சரி செய்துவிடலாம் என்கிறார்கள். நான்காவது போய்விட்டது. முழுதாக அழியவில்லை, அதுதான் கொடுமை. இரண்டு நொடி கேட்கிறது, சட்டென்று தேய்கிறது, மறுபடி வருகிறது, மறுபடி தேய்கிறது. யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுவதுபோல. பதினொரு நிமிஷமும் அப்படியே. அங்கே இருந்த எஞ்சினியர் ஒருதடவை கேட்டதுமே, காந்தம் பட்டிருக்கிறது என்றார்.

சிட்டியைக் கேட்டோம். வந்து இறங்கிய அன்றிலிருந்து பையைப் பயிற்சி அறையில் பத்ரியின் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இரண்டு நாள் வைத்திருந்ததாகச் சொன்னான். பத்ரி சும்மா இருப்பானா? “உன் மண்டைக்குள்ள மூளை இருக்கா, இல்ல அதையும் டிரம்மு மாதிரி காலியா விட்டுத் தோலை இழுத்துக் கட்டிட்டாங்களா?” என்றான். சிட்டி முதலில் கத்தினான். “ரெண்டு நாள்ல அழியுமாடா? நான் பொறுப்பாத்தான்டா கொண்டாந்தேன்” என்றான். பிறகு ஒருநாள் கத்துவதை நிறுத்திவிட்டான். அதற்கு அடுத்த நாள் ஊருக்குப் போய்விட்டான். இருபது நாள் ஆகிறது.

ஏப்ரல் 20க்குள் நான்கு சுருளும் கைக்கு வராவிட்டால் கம்பெனிக்காரர் விட்டுவிடுவாராம். டிரம்ஸ் இல்லாமல் எதை மறுபடி வாசிப்பது?

நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்களிடம் இருந்தவரை பத்திரமாகத்தான் இருந்தது.

அமலா


சேசு மரி சூசை

கிழக்குத் தாம்பரம்
24-2-1991

அன்பு மகளுக்கு ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. மிகவும் வருந்தினேன். காலைச் சர்க்கரை 210. டாக்டர் ஊசி அளவைக் கூட்டியிருக்கிறார். வெயில் இப்போதே தொடங்கிவிட்டது.

சிட்டிபாபுவை அதிகம் கோபிக்க வேண்டாம். பெட்டிகள் பல இடங்களில் இருந்திருக்கின்றன. எங்கே என்ன நேர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜெபிக்கிறேன்.

பெரியப்பா


பாந்த்ரா
6-3-1991

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

210 என்று படித்துப் பயந்துவிட்டேன். என் கவலையை உங்கள் தலையில் ஏற்றியிருக்கக் கூடாது.

சிட்டிக்காக நீங்கள் பரிந்து பேசியது உங்கள் குணம். எனக்கு அந்தக் குணம் இல்லை. போன வாரம் அவனுக்கு ஒரு கடிதம் போட்டேன். ‘என் பெரியப்பா ஒன்பது இடத்தில் ஈரம் பார்த்து மூன்று மாதம் காப்பாற்றிக் கொடுத்ததை நீ இரண்டு நாளில் அழித்தாய்’ என்று எழுதினேன். பதில் வரவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன்.

ஊசியை விடாதீர்கள்.

அமலா


சேசு மரி சூசை

கிழக்குத் தாம்பரம்
20-3-1991

அன்பு மகள் அமலாவுக்குப் பெரியப்பா சவரிராயன் எழுதுவது.

என் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. முதலில் இரண்டு வரி. நான்காவது சுருளை அழித்தவன் நான். நவம்பர் 8 முதல் டிசம்பர் 18 வரை நாற்பத்தொரு நாள், பெட்டிகளை ஃபிரிஜ் ஸ்டெபிலைசரின் மேல் வைத்திருந்தேன். நான்காவது பெட்டி அடியில் இருந்தது. அது தவறு என்று ஹாஜா மைதீன் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தெரியும். சிட்டிபாபு வந்து வாங்கிப்போனபோதும் தெரியும். நீ பிப்ரவரியில் எழுதியபோதும் தெரியும்.

உன் 6ஆம் தேதிக் கடிதம் வந்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. உனக்கு எழுதுவதற்கு முன் அவனிடம் சொல்ல வேண்டும் என்று நேற்றுப் பள்ளிக்கரணைக்குப் போனேன். மேடவாக்கத்தில் பஸ் மாறும்போது திரும்பிவிடலாம் என்று ஒரு பஸ்ஸை விட்டேன். அடுத்ததில் ஏறினேன்.

சதுப்பு நிலத்தைத் தாண்டி உள்ளே அவர்கள் வீடு. வயல் இருந்த இடத்தில் இப்போது பெரிய கிணறு. அண்ணன்காரன் தண்ணி லாரி ஓட்டுகிறான். வாசலில் அவன் அம்மா கிளியம்மாள் இருந்தார். “யாரு சாரு நீங்க? சிட்டிய பாக்கவா? அதோ லாரி மேல குந்திக்கினு கீறான் பாருங்க. பம்பாய்லேர்ந்து வந்ததுலேர்ந்து பேசறதே இல்ல. கேட்டா, நான் ஒரு பொருளை அழிச்சிட்டேம்மான்னு சொல்றான். இன்னா பொருள்னு சொல்ல மாட்டேங்கறான்” என்றார். அந்த அம்மாளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவன் லாரியின் மேல் உட்கார்ந்து, குழாயைத் தொட்டிக்குள் பிடித்துக்கொண்டிருந்தான்.

“வாங்க பெரிப்பா. இன்னா இவ்ளோ தூரம்?”

“இறங்கி வா. பேச வேண்டும்.”

“ரொம்பட்டும். வர்றேன்.”

தொட்டி நிரம்ப ஒன்பது நிமிஷம் ஆயிற்று. வெயிலில் நின்றேன். இறங்கி வந்து லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டான். உனக்கு மேலே எழுதியதை அதே வரிசையில், தேதிகளோடு, அவனிடம் சொன்னேன். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று நிறுத்தாமல் சொன்னேன்.

அவன் லாரியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டான். பிறகு, “நாலாவது பொட்டி அடிலயா?” என்றான்.

“ஆமாம்.”

“ரெண்டு மாசமா நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன் தெரியுமா பெரிப்பா? பம்பாய் வண்டில அந்தப் பையை எங்கெங்க வெச்சேன்னு ஸ்டேஷன் ஸ்டேஷனா நெனச்சுப் பாத்துக்கினு இருந்தேன். குண்டக்கல்ல ஒருத்தன் பெரிய டேப் ரிக்கார்டரோட ஏறினான். அவன் பொட்டி பட்டிருக்குமோன்னு ஒருநாள் தோணும். இல்ல, ஆம்ப்ளிஃபையர்தான்னு ஒருநாள் தோணும். சத்தியமா எனக்கே தெரியல. கடைசில நான்தான்னு முடிவு பண்ணிட்டேன். முடிவு பண்ணதும்தான் தூக்கமே வந்துச்சு.”

நான் நின்றுகொண்டிருந்தேன்.

“அன்னிக்கி நான் வந்தப்ப, தம்பி ஒரு விசயம்னீங்களே. இதானா?”

“இதுதான்.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன் பெரிப்பா.” சற்றுப் பொறுத்து, “அன்னிக்கி சிரிச்சிருப்பேன்” என்று இன்னொரு முறை சொன்னான்.

வாசலிலிருந்து கிளியம்மாள், “பெரியவரை வெயில்ல நிக்க வெச்சிப் பேசறியேடா, மோர் கொண்டாரட்டா?” என்று கேட்டார். “கொண்டா” என்றான். நான் குடித்து முடிக்கும்வரை என்னைப் பார்க்காமல் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, “இதையெல்லாம் ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. பத்ரி என் வாய்ப்பேச்சை நம்ப மாட்டான்” என்றான். லாரியின் மட்கார்டு மேல் தாளை வைத்து எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அமலாவுக்குத் தெரியுமா என்று கேட்டான். இல்லை, உன்னிடம்தான் முதலில் வந்தேன் என்றேன். அதற்கு மட்டும் தலையசைத்தான்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது.

உன்னிடமும் கேட்கவில்லை. ஏப்ரல் 20க்கு இன்னும் முப்பத்தோரு நாள் இருக்கிறது. அதற்காகத்தான் அவசரமாக இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

சவரிராயன்


பாந்த்ரா
18-4-1991

பெரியப்பாவுக்கு,

உங்கள் பதிவுத் தபால் 25ஆம் தேதி கிடைத்தது. அன்றும் அடுத்த இரண்டு நாளும் ஓட்டலுக்குப் போகவில்லை.

28ஆம் தேதி சிட்டி வந்து சேர்ந்தான். கதவைத் திறந்த பத்ரியிடம் அந்தத் தாளை நீட்டினான். பத்ரி படித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் சிட்டிக்குப் போட்ட கடிதத்தைத் திருப்பித் தரும்படி கேட்டேன். கிழித்துவிட்டானாம். என்ன எழுதியிருந்தேன் என்பது நினைவில்லை என்கிறான். நினைவிருக்கிறது, அவன் முகத்தில் தெரிகிறது.

பெட்டியை எங்கே வைத்தீர்கள் என்பதில் எனக்குக் கோபமில்லை. அது யாருக்கும் நேரக்கூடியது. ஜனவரி 5லிருந்து மார்ச் 19 வரை எழுபத்துமூன்று நாள், நீங்கள் எண்ணியிருப்பீர்கள். அந்த எழுபத்துமூன்று நாளைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அதில் என் பங்கும் இருக்கிறது. ஒரு வார்த்தை சந்தேகப்படாமல் அவன்தான் என்று முடிவு செய்தவள் நான்.

போன வாரம் இங்கேயே ஒரு ஸ்டூடியோவில் அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி வாசித்தோம். மூன்று தடவை. தப்பே இல்லை, கம்பெனிக்காரருக்குத் திருப்தி. மூன்றாவதை எடுத்துக்கொண்டார்கள். பழையது பதினொரு நிமிஷம், இது எட்டரை. முன்பு நானும் பத்ரியும் தடுமாறி நிற்கும் இடத்தில் சிட்டி குதித்துவிடுவான் என்று எழுதியிருந்தேன். இப்போது அந்த இடம் வந்ததும் அவன் நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்க்கிறான். சரிதானே என்று கேட்பதுபோலப் பார்த்துவிட்டு, பிறகுதான் குச்சியை எடுக்கிறான். மூன்று தடவையும் அப்படித்தான் செய்தான்.

அதுதான் வெளிவரப்போகிறது. கேட்கிறவர்களுக்கு அந்த இடைவெளி தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

கேசட் மே மாதம் வரும். உங்களுக்கு ஒன்று அனுப்புகிறேன். இரண்டாம் பக்கம், கடைசி. அதுவரை எனக்கு எழுத வேண்டாம், நானே எழுதுகிறேன்.

ஊசியை வேளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அமலராணி